மலை மேலே ஹெலிகாப்டர்: எடை ஏன், விடியற்காலை ஏன், ரத்து ஏன்?

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் புதிதல்ல. ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் சேத்தக் தலைக்கு மேல் போனால் பலர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதில் ஏறி உட்காரும் வாய்ப்பு இங்கே கிடையாது. ராமேஸ்வரம் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு காசிக்குக் கிளம்பி, அப்படியே கேதார்நாத்தையும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அது முதலில் வாய்க்கிறது. முக்திநாத் போன கையோடு எவரெஸ்ட் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் வேலை பார்க்கும் நியூசிலாந்துக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போய், பனிமலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வருகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள்.

போய்வந்தவர்களிடம் கேட்டால் மலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் குறைகளைத்தான் சொல்வார்கள். தேவிபட்டினத்து மதினி ஒருவர் கேதார்நாத்திலிருந்து வந்து சொன்னது இது: “பணம் கட்டுன பிறகு தராசுல ஏத்தி நிறுத்துறாக தம்பி. அண்ணனை ஒரு நடையிலயும் என்னைய ஒரு நடையிலயும் பிரிச்சு அனுப்பிட்டாக. விடியுறதுக்கு முன்னாடியே வரச் சொல்லிட்டு, பத்து மணிக்கு மேல ‘இன்னிக்கு இல்ல, நாளைக்கு வாங்க’ன்னுட்டாக.” நிறுவனம் ஏதோ அலைக்கழித்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். எடை பார்ப்பது, விடியற்காலை வரச் சொல்வது, கடைசி நிமிடத்தில் ரத்து செய்வது, இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: காற்று. மலைக் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துவிட்டால் அந்தப் பயணத்தில் நடக்கும் எல்லாமே புரிந்துவிடும்.

காற்றுக்கும் எடை உண்டு

ஹெலிகாப்டரின் மேல் விசிறியில் உள்ள ஒவ்வொரு தகடும் ஒரு குறுகலான விமான இறக்கைதான். விமானம் ஓடுபாதையில் ஓடினால்தான் அதன் இறக்கையில் காற்று படும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்திலேயே இறக்கையைச் சுழற்றுகிறது. சுழலும் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு வண்டி மேலே எழும்புகிறது. விமானியின் இடது கையில் இருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் எல்லா இறக்கைகளும் ஒரே அளவு சாய்ந்து, இன்னும் அதிகக் காற்றைத் தள்ளும். வலது கையில் இருக்கும் தடி, முன்னே பின்னே பக்கவாட்டில் போவதற்கு. மேல் விசிறி ஒரு பக்கம் சுழலும்போது உடற்பகுதி எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறி. அதற்கான மிதிகள் காலடியில் இருக்கின்றன. அடிப்படை இவ்வளவுதான்.

கீழே தள்ளப்படும் காற்று எவ்வளவு கனமானது என்பதுதான் அடுத்த கேள்வி. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை இருக்கும். கொடைக்கானல் உயரத்தில் அது 1 கிலோவாகிவிடும். கேதார்நாத் கோயில் இருக்கும் 3,583 மீட்டரில் சுமார் 0.85 கிலோ. எவரெஸ்ட் பார்க்கப் போகிறவர்களை இறக்கிவிடும் காலாபத்தர் 5,500 மீட்டருக்கும் மேலே, அங்கே 0.7 கிலோ தேறினாலே பெரிது. இறக்கை அதே வேகத்தில்தான் சுழல்கிறது, ஆனால் தள்ளுவதற்குக் காற்றில் கனம் இல்லை. இதோடு இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. எஞ்சின் எரிபொருளை எரிப்பதற்கும் அதே மெலிந்த காற்றைத்தான் இழுக்க வேண்டும். அதனால் எஞ்சினின் பலமும் குறைகிறது. தூக்கும் திறன் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிவாங்குகிறது.

உயரம் மட்டும் அல்ல, வெயிலும் காற்றை மெலிய வைக்கும். சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். நம் கடற்கரையில் மே மாதத்து நண்பகலில் 36 டிகிரி இருக்கும்போது, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய அடர்த்திதான். அதாவது உச்சிப்புளியில் தரையில் நிற்கும் ஹெலிகாப்டர், 700 மீட்டர் மலைமேல் நிற்பதுபோலவே மூச்சு வாங்கும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் மோசம். விமானிகள் ‘எத்தனை மீட்டர் உயரம்’ என்று மட்டும் பார்க்காமல், ‘இன்றைய வெப்பத்தில் அது எத்தனை மீட்டருக்குச் சமம்’ என்று கணக்குப் போடுவது இதனால்தான். பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் போட வேண்டிய கணக்கு இது.

இப்போது தராசு விஷயத்துக்கு வரலாம். கடலோரத்தில் பைலட்டும் ஐந்து பயணிகளும் ஏறிப் போகக்கூடிய ஒரு வண்டி, மலை உச்சியில் இரண்டு மூன்று பேரைத்தான் தூக்கும். எவரெஸ்ட் சுற்றுலாவில் இதை நேரிலேயே பார்க்கலாம். 2,860 மீட்டரில் இருக்கும் லுக்லாவரை எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். அப்புறம் பெரிச்சே என்ற இடத்தில் குழுவை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைக் கீழே நிறுத்திவிட்டு, மீதிப் பேரைக் காலாபத்தருக்கு ஏற்றிப் போய்வந்து, பிறகுதான் அடுத்தவர்களை ஏற்றுவார்கள். அதற்கு மேலே ஐந்து பேரையும் சேர்த்துத் தூக்கக் காற்று இடம் கொடுக்காது. எரிபொருளைக்கூட அளந்துதான் போடுவார்கள். உங்கள் உடம்பும் பையும் எத்தனை கிலோ என்று கேட்பது இந்தக் கணக்குக்காகத்தான். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால், அந்த ஐந்து கிலோ விமானியின் தாளில் வராது. ஆனால் வண்டியில் வரும். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களே சொல்வதும் எடையால்தான். கனமானவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் சமநிலை கெடும். முன் சீட்டு வேண்டும் என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை.

உச்சிப்புளி சேத்தக்குக்கு இமயமலையில் ஒரு பங்காளி உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உயரமான இடங்களில் பறக்கும் ஹெலிகாப்டர் வேண்டும் என்று இந்தியப் படைகள் கேட்டதையொட்டி 1960களின் கடைசியில் பிரான்சில் லாமா என்ற ஹெலிகாப்டர் உருவானது. சேத்தக்கின் மூல வடிவமான அலூவெட் 3-இன் எஞ்சினையும் விசிறியையும் எடுத்து, அதைவிட இலேசான அலூவெட் 2-இன் கூட்டில் பொருத்தினார்கள். பலம் அதே, எடை குறைவு. நான் மேலே சொன்ன கணக்கை அப்படியே இரும்பில் செய்து காட்டிய மாதிரி. அதைத்தான் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் சீத்தா என்ற பெயரில் நம் நாட்டில் தயாரித்தது. சியாச்சின் பனியாற்றில் இருக்கும் வீரர்களுக்கு அரிசி, பருப்பு, மருந்து கொண்டுபோய்க் கொடுத்த வண்டி அதுதான். 1972 ஜூன் 21-ஆம் தேதி ழான் பூலே என்ற பிரெஞ்சு விமானி ஒரு லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். 2005 மே 14-ஆம் தேதி டிடியே டெல்சால் ஏ.எஸ்.350 வகை ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கினார். ஆனால் அவர் தனியாள், அதுவும் தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றிய வண்டி. அந்த வகையின் இன்றைய பெயர் எச்125. நேபாளத்திலும் நியூசிலாந்திலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமப்பது பெரும்பாலும் அதுவே.

மலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும்?

கச்சான் காற்றும் வாடைக்காற்றும் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகவே புரியும். பகலில் தரை சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். ராத்திரியில் தரை குளிர்ந்து, காற்று கடலை நோக்கிப் போகும். மலையிலும் வேலை செய்வது இதே வெப்பம்தான். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஏறும். அது ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் சிகரத்தைச் சுற்றி மேகம் கட்ட ஆரம்பித்துவிடும். மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கே மூடிப்போகலாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி அடங்கியிருக்கும் விடியற்காலைதான் பறக்க நல்ல நேரம். குளிர்ந்த காற்றுக்குக் கனமும் அதிகம் என்பதால் வண்டிக்கும் நல்லது. விடிவதற்கு முன்பே வரச் சொல்வது இந்த இரண்டுக்காகவும்தான்.

மலைமுகட்டைக் காற்று கடக்கும் இடம் மிகவும் சிக்கலானது. காற்று வந்து மோதும் பக்கத்தில் அது மேலே ஏறும், ஹெலிகாப்டரையும் தூக்கிவிடும். முகட்டைத் தாண்டிய மறுபக்கத்தில் அதே காற்று சரிந்து விழும், சுழலும். எஞ்சின் முழுப் பலத்தில் இருந்தாலும் அந்த இறங்கு காற்றில் வண்டி கீழே இழுக்கப்படலாம். அதனால் அனுபவமுள்ள விமானி முகட்டை நேராகப் போய்க் கடக்கமாட்டார். சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில் நெருங்குவார். காற்று சரியில்லை என்று பட்டால் சட்டென்று பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிவிட முடியும். உள்ளே இருக்கும் நமக்கு “ஏன் சுற்றிச் சுற்றிப் போகிறார்?” என்று தோன்றும். அந்தச் சுற்று வழியில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

பனிமேல் இறங்குவது தனிக் கலை. மேகம் மூடிய நாளில் வெண்பனிப் பரப்பில் நிழலே விழாது. நிழல் இல்லையென்றால் தரை பத்தடி கீழே இருக்கிறதா நூறடி கீழே இருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. இறங்கும்போது விசிறிக் காற்று பொடிப்பனியைக் கிளப்பிவிட்டால் சுற்றிலும் ஒரே வெள்ளை. அதனால் அருகில் ஒரு பாறையோ, நட்டு வைத்த கொடியோ கண்ணில் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் இறக்குவார்கள். இறங்கியபின் பெரும்பாலும் எஞ்சினை அணைக்கமாட்டார்கள். சில நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். காட்டிய எல்லையைத் தாண்டி இரண்டடிகூட நடக்க வேண்டாம். பனிப்பிளவின் வாயை மெல்லிய வெண்பனி மூடியிருக்கும். மேலிருந்து பார்த்தால் சமதரை மாதிரியே தெரியும்.

கீழே தெரிவது என்ன?

பணம் கொடுத்துப் போவது இதைப் பார்க்கத்தான். ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரியாமலே பலர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

மலை உச்சியில் விழும் வெண்பனி எல்லாம் கோடையில் உருகிவிடுவதில்லை. மிஞ்சியதன் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். இப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே நசுங்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறி, கடைசியில் கெட்டியான பனிக்கட்டி ஆகிறது. போதுமான கனம் சேர்ந்ததும் அந்தப் பனிக்கட்டி சரிவில் மெல்ல நகரத் தொடங்கும். அதுதான் பனியாறு. எவரெஸ்ட் அடிவாரத்தில் கும்பு பனியாறு செங்குத்தாக விழும் பகுதியில் அது நாளுக்குச் சுமார் ஒரு மீட்டர் நகர்கிறது. பனிக்கட்டியின் மேல்பகுதி, சுமார் 30 முதல் 50 மீட்டர்வரை, விறைப்பாக இருக்கும். வளைவிலும் இறக்கத்திலும் அது வெடித்துப் பிளக்கும். அதற்குக் கீழே உள்ளது அழுத்தத்தில் வளைந்து கொடுத்து ஓடும். ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கும்போது வரிவரியாகத் தெரியும் பிளவுகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். அந்த இடத்தில் அடிப்பாறை மேடாகவோ செங்குத்தாகவோ இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத பாறையின் வடிவத்தை மேலே இருக்கும் பனி காட்டிக்கொடுக்கிறது.

பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் நீலம் தெரியும். அடர்ந்த பனிக்கட்டி ஒளியில் உள்ள சிவப்பை விழுங்கி நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஆழமான தண்ணீர் நீலமாகத் தெரிவதற்கும் அதே காரணம்தான். பனியாற்றின் இரு கரையிலும் நீளமாகக் கல்வரப்பு போட்டதுபோல் இருக்கும். மலையிலிருந்து அரித்து இழுத்துவந்த கல்லும் மண்ணும் அவை. அந்த வரப்பு இன்றைய பனிமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு காலத்தில் பனி அந்த உயரம்வரை இருந்தது. எவ்வளவு குறைந்துபோயிருக்கிறது என்பதைப் புள்ளிவிவரம் எதுவும் இல்லாமலே கண்ணால் அளந்துவிடலாம்.

இமயமலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே பல பனியாறுகளின் கீழ்ப்பகுதி வெள்ளையாகவே இருக்காது. கல்லும் சரளையும் போர்த்தி, சாம்பல் நிறத்தில், இடையிடையே பச்சை நீலக் குட்டைகளோடு இருக்கும். “பனியாறு எங்கே?” என்று தேடிக்கொண்டே அதன் மேல் பறந்துபோய்விடுவார்கள். கேதார்நாத் ஹெலிகாப்டரையும் சுற்றுலாப் பறப்பாக எண்ண வேண்டாம். அது கோயிலுக்குப் போய்வரும் சில நிமிடப் போக்குவரத்து. ஆனாலும் மந்தாகினியின் பள்ளத்தாக்கும், கோயிலுக்குப் பின்னால் 6,940 மீட்டர் உயர்ந்து நிற்கும் கேதார்நாத் சிகரமும் தெரியும். அந்த நதி புறப்படும் சோராபாரி பனியாறு கோயிலுக்கு மேலேதான் இருக்கிறது. 2013 ஜூனில் அதன் அருகிலிருந்த ஏரி உடைந்து இறங்கிய வெள்ளம் கோயிலைச் சுற்றியிருந்த ஊரையே அடித்துக்கொண்டு போனது.

காட்சிக்காகவே போவதென்றால் என் ஓட்டு நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாற்றுக்கு. அதன் முனைக்கும் டாஸ்மன் கடலுக்கும் இடையே சுமார் 19 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற தூரம். ஒரே ஜன்னலில் மழைக்காடு, பனியாறு, கடல் மூன்றும் தெரியும். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அது மறக்காது. முன்பெல்லாம் வழிகாட்டியோடு பள்ளத்தாக்கில் நடந்துபோயே அதன் மேல் ஏறினார்கள். பனி பின்வாங்கி, முனைப்பகுதி இடிந்து விழும் நிலைக்கு வந்ததால் 2012-இல் அந்த வழி நின்றுபோனது. இப்போது அதன் மேல் கால்வைக்க ஹெலிகாப்டர்தான் வழி. எரிபொருளை எரித்துப் பறந்துபோய், சூடேறுவதால் கரையும் பனியைப் பார்க்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. அதனால் ஒருமுறை போனாலும் உருப்படியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறேன்.

எஞ்சின் நின்றுவிட்டால்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்போல் விழுந்துவிடாது. பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் எதிர்க்காற்றில் அது தானாகச் சுழலும் இல்லையா, அதேபோல் வண்டி இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே மேல் விசிறியைச் சுழலவைக்கும். சுழற்சி இருக்கும்வரை விமானியின் கட்டுப்பாடும் இருக்கும். தரைக்கு அருகில் வந்ததும் இறக்கைகளைச் சாய்த்து, சேர்த்துவைத்த சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறக்கலாம். விமானிகளுக்கு இது கட்டாயப் பயிற்சி. 12,442 மீட்டர் ஏறிய ழான் பூலேயின் எஞ்சின் அந்த உயரத்தில் அணைந்துபோனது. அவ்வளவு தூரமும் இப்படியே இறங்கி வந்தார்.

மலையில் உண்மையாகவே பயப்பட வேண்டியது, கண் தெரியாமல் போவதற்குத்தான். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் பள்ளத்தாக்கின் சுவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. 2025 ஜூன் 15-ஆம் தேதி கேதார்நாத்திலிருந்து குப்தகாசிக்குத் திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து, ஒரு குழந்தை உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அங்கே பார்வைத் தெளிவு மோசமாக இருந்தது. ஆகவே ரத்து செய்கிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள். அதற்காக யாரும் ரயில்வேயைத் திட்டவில்லை. பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். “நாளைக்கு ரயில், எப்படியாவது இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்” என்று பயணிகள் நெருக்குவதும் ஆபத்தில் போய் முடியும்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

வால் விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அதனால் வண்டியின் பின்பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. முன்பக்கமாக, விமானியின் பார்வையில் படும்படி, குனிந்து வாருங்கள்; அதுவும் அங்கே நிற்கும் பணியாளர் கை காட்டிய பிறகு. சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கமிருந்து வராதீர்கள். அந்தப் பக்கம் மேல் விசிறிக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு. தொப்பி, துண்டு, துப்பட்டா எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிடுங்கள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். வேட்டிக்குப் பதில் கால்சட்டை போட்டுக்கொள்வது உத்தமம்.

கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போட்டால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது, படம் தெளிவாக வரும். குளிர்க்கண்ணாடி அவசியம், வெண்பனியின் கூச்சம் தனுஷ்கோடி மணலைவிட அதிகம். குமட்டினால் போனைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

பனியாற்றுக்கு மேல் அரைமணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவது உடம்பைப் பெரிதாகப் படுத்தாது. கேதார்நாத் அப்படியல்ல. சில நிமிடத்தில் 3,500 மீட்டருக்கு மேல் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கியதும் வேகமாக நடக்காதீர்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

டிக்கெட் என்றதும் இன்னொன்று. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவை ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் செய்யுங்கள். அதற்கு முன்னால் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவை முடித்திருக்க வேண்டும். அதே பெயரில் போலித் தளங்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பி, முன்பின் தெரியாதவரின் எண்ணுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.